பூநாரையும் ஐஸ் பெட்டியும்

கும்மிடிப்பூண்டியில் குடியிருப்பவர்களுக்கு உறவினர் வந்தால் ஒரு தர்மசங்கடம் உண்டு. வந்தவர்கள் காபியைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்த கையோடு, "இங்க பாக்கறதுக்கு என்ன இருக்கு?" என்று கேட்பார்கள். ஊட்டிக்காரருக்கும் கன்னியாகுமரிக்காரருக்கும் இந்தக் கேள்வி கேட்கக் காது இனிக்கும். எங்களுக்கு இருப்பது சிப்காட். இரும்பை உருக்கிக் கம்பியாக நீட்டும் ஆலைகள், அவற்றின் புகைபோக்கிகள், ஜி.என்.டி. ரோட்டின் ஓரத்தில் இரவெல்லாம் நிற்கும் டிரெய்லர் லாரிகள். நான் அப்படி ஒரு ஆலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். கம்பியை இயந்திரத்தில் மாட்டி இழுத்து, அது எந்த இடத்தில் அறுந்து போகிறது என்று குறித்துக்கொள்வது என் வேலை. உறவினர்களிடம் அதே வேலையைச் செய்பவர் என் மச்சான்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். கோயம்புத்தூரில் பம்புக்கு உதிரிபாகம் கடையும் லேத் பட்டறை வைத்திருக்கிறார். சென்னையில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவர், தங்கையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று சனிக்கிழமை இரவு எங்கள் வீட்டுக்கு வந்தார். காபி குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

மாவட்டத்தின் மானத்தைக் காப்பாற்ற நான் அதிரம்பாக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே கற்கோடரிகளைக் கண்டெடுத்ததையும், அங்குள்ள ஆயுதங்களில் மிகப் பழையவற்றுக்கு ஏறக்குறைய 15 லட்சம் வயது என்று பிற்பாடு கணித்திருப்பதையும் சொன்னேன். "அத்தன வருசமா ஆளுக குடியிருந்தும் பாக்க ஒண்ணுமில்லீங்களா மாப்ள?" என்றார். சிறுவாபுரி முருகனைச் சொன்னேன். வீடு வாங்க வேண்டும் என்று வேண்டிக்கொள்பவர்கள் செவ்வாய்க்கிழமைகளில் குவிகிற கோயில். மச்சானுக்கு ஏற்கெனவே மூன்று வீடு. முருகனுக்கு அங்கே வேலை இல்லை.

"கோயிலெல்லாம் எங்கூர்லயே இருக்குதுங்க. வைல்டுலைஃப் ஏதாச்சும் இருந்தாச் சொல்லுங்க."

இது வரும் என்று எனக்குத் தெரியும். மச்சான் வருடம் தவறாமல் முதுமலைக்குப் போகிறவர். 1940-இல் சரணாலயமாகி, 2007-இல் புலிகள் காப்பகமான அந்தக் காட்டைப் பற்றி வனத்துறைக்கே வகுப்பெடுப்பார். அவர் வீட்டு ஹாலில் சட்டம் போட்ட ஒரு பெரிய புகைப்படம் மாட்டியிருக்கிறது. உண்ணிச்செடிப் புதர், நடுவில் மஞ்சளாகக் கொஞ்சம் இடம். அது புலியின் இடுப்பு என்பது அந்தக் குடும்பத்தின் நம்பிக்கை. நம்பிக்கையில் நான் தலையிடுவதில்லை. பெண் எடுத்த இடம்.

"பழவேற்காடு போலாம்" என்றாள் என் மனைவி.

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "நாளிக்கு ஞாயித்துக்கெழம. ஏலம் நல்லா இருக்கும். நானும் வரேன்."

அம்மா ஏரிக்கரையில் பிறந்தவள். அவளுடைய நைனா பழவேற்காட்டில் மீன் ஏலம் எடுத்து, சைக்கிளில் வைத்துப் பொன்னேரி வரைக்கும் விற்றவர். அம்மாவைப் பொறுத்தவரை அந்த ஏரி இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி என்பதோ, முதலிடம் ஒடிசாவின் சிலிகாவுக்கு என்பதோ விஷயமே இல்லை. அது கொஞ்சம் தள்ளி வைக்கப்பட்டிருக்கும் ஒரு மீன்கடை.

விடிவதற்கு முன்பே வாடகை ஓம்னி வாசலுக்கு வந்துவிட்டது. மனைவி புளியோதரையும் தயிர்ச்சாதமும் கட்டியிருந்தாள். எட்டாவது படிக்கும் மகள், சத்தத்தைக் கேட்டே பறவையின் பெயரைச் சொல்லும் 'மெர்லின்' செயலியைப் போனில் ஏற்றியிருந்தாள். இரண்டாவது படிக்கும் மகன் முதலை இருக்குமா என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் வேனிலேயே தூங்கிவிட்டான். அம்மா ஒரு தெர்மாகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கடைசியாக மச்சான் வந்தார். தொப்பி முதல் காலணி வரை காட்டுப்பச்சையில் இலைதழை போட்ட உடுப்பு. புதருக்குள் நின்றால் புலிக்கே தெரியாத உடை. ஆனால் பழவேற்காட்டில் புதர் கிடையாது. சாம்பல் நிறத் தண்ணீரும் வெளிர்மணலும்தான். அந்த உடை அங்கே ஐந்து கிலோமீட்டருக்குத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். மனைவி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

கவரைப்பேட்டையில் திரும்பி, பொன்னேரியில் டீ குடித்து, திருப்பாலைவனம் தாண்டிப் போகும் வழியெல்லாம் வயல், இறால் பண்ணை, எருமை. எருமையின் முதுகில் உண்ணிக்கொக்கு. மகன் விழித்துக்கொண்டு, "வைல்டு அனிமல்!" என்றான். மச்சான், "அது எருமைடா கண்ணு" என்றார். "அது மேல ஒரு பறவை நிக்குது, அத அது ஒண்ணும் பண்ணலயே மாமா" என்றான். முதுமலையின் புலியே இப்படியொரு பரிவோடு பார்க்கப்பட்டிருக்காது.

பழவேற்காட்டில் இறங்கியதும் மச்சான் கேட்ட முதல் கேள்வி, "என்ட்ரன்ஸ் எங்கீங்க?"

இங்கேதான் முதுமலைக்காரர்கள் தடுமாறுவார்கள். 1980-இல் தமிழ்நாடு அரசு சரணாலயமாக அறிவித்த ஏரிப்பகுதி இது. ஆனால் வாசல், தடுப்புக்கட்டை, ஜீப், 'அமைதி காக்கவும்' பலகை என்று எதுவும் முன்னால் வந்து நிற்காது. பேருந்து நிற்கிற இடத்தில் ஊர். ஊர் முடிகிற இடத்தில் தண்ணீர். கரையிலும் திட்டுகளிலும் மீனவக் குப்பங்கள். மசூதி, தேவாலயம், அம்மன் கோயில், ரேஷன் கடை. அவற்றுக்கு நடுவே, யாரிடமும் டிக்கெட் வாங்காமல் பறவை. "அப்ப ஜீப் சஃபாரி?" என்றார் மச்சான். ஓம்னியைக் காட்டினேன்.

படகுகள் கரையேறிக்கொண்டிருந்தன. ஏலம் ஆரம்பித்திருந்தது. அம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் மறைந்தாள். மகள் போனை நீட்டிப் பறவைச் சத்தம் பதிவு செய்தாள். ஏலம் கூவுகிறவர், டீசல் இன்ஜின், ஒலிபெருக்கியில் பக்திப்பாட்டு, நாய்ச்சண்டை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட செயலி கடைசியில், "வீட்டுக் காகம்" என்றது. மீண்டும் கேட்டபோதும் காகம் என்றது. நான்கைந்து காகங்கள் எதிரிலேயே உட்கார்ந்து மீன்குடலைத் தின்றுகொண்டிருந்ததால் செயலியைக் குறை சொல்ல வழியில்லை.

மச்சான் முக்காலியை விரித்து, முழங்கை நீள லென்ஸை மாட்டி, கேமராவைக் கிழக்கே திருப்பி வைத்தார். அங்கே சூரியன் இருந்தது. மேற்கே திருப்பினார். அங்கே ஒருவர் குளித்துக்கொண்டிருந்தார். வடக்கே தண்ணீர்தான், வெறும் தண்ணீர், கண்ணுக்கு எட்டும் வரை.

"ஒண்ணையும் காணமுங்களே மாப்ள."

அம்மா திரும்பி வந்தாள். பெட்டிக்குள் மடவை, எறா, கொடுக்கைக் கயிற்றால் கட்டிய நண்டு. மேலே இரண்டு படி ஐஸ். மச்சான் கேமராவைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள்.

"இன்னா தம்பி பாக்கற?"

"பறவைங்க அத்தை."

"பறவைய எதுக்குப் பாக்கற? தோ, அந்தாண்ட வல இழுக்கப் போறான் பாரு. அத்தப் பாரு. இதுங்க எல்லாம் தானா வரும்."

அவள் காட்டிய இடத்தில், இடுப்பளவுத் தண்ணீரில் நான்கு பேர் வட்டமாக நின்றிருந்தார்கள். ஏரியின் ஆழமே சராசரியாக ஒரு மீட்டர்தான். பெரும்பாலான இடங்களில் மீனவர் நடந்துதான் போகிறார். பறவையும் நடந்துதான் போகிறது. எந்த ஊர்க்காரர் எந்த முறையில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதற்கு இங்கே காலங்காலமாக 'பாடு' என்று ஒரு ஏற்பாடு உண்டு. முறை தவறினால் பஞ்சாயத்து. வலையைச் சுருக்க ஆரம்பித்ததும், அம்மா சொன்னது நடந்தது. எங்கிருந்து வந்தன என்று தெரியாமல் வெள்ளைக் கொக்குகள் வந்து வரிசையாக நின்றன. நீர்க்காகங்கள் முங்கின. இரண்டு கூழைக்கடாக்கள், அரசாங்க அலுவலகத்துக்கு வரும் பெரிய அதிகாரியின் நிதானத்தோடு, மிதந்து வந்தன. மேலே செம்பருந்து.

"பாடாவது ஒண்ணாவது. இதுங்களுக்கு ஏலமும் கெடயாது, பேரமும் கெடயாது. சும்மா வந்து துன்னுட்டுப் போவும்" என்றாள் அம்மா. பறவைகளை அவள் விரும்பாதவள் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரே கடையில் ஐம்பது வருடமாகச் சாமான் வாங்கும் இன்னொரு வாடிக்கையாளரை நாம் எப்படிப் பார்ப்போமோ அப்படிப் பார்க்கிறாள். மரியாதை உண்டு. நமக்கு முன்னால் அவர் வாங்கிப் போய்விடுவாரோ என்ற எரிச்சலும் உண்டு.

இதையெல்லாம் மச்சான் பார்க்கவில்லை. முக்காலியை வடக்கிலிருந்து வலைப்பக்கம் திருப்புவதற்கு ஒரு திருகாணியைத் தளர்த்த வேண்டியிருந்தது. லேத் பட்டறைக்காரர், திருகாணியை அவசரப்பட்டுத் தளர்த்த மாட்டார். அவர் தலை நிமிர்ந்தபோது வலை கரையேறியிருந்தது; கூழைக்கடாக்கள் போய்விட்டிருந்தன. மிச்சமிருந்த செம்பருந்தையாவது எடுக்கலாம் என்று கேமராவை உயர்த்தினார். அதற்குள் அம்மா, "கருடன்!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். என் மனைவியும் போட்டுக்கொண்டாள். பழக்கதோஷத்தில் மச்சானும் கேமராவை விட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கருடன் கடல்பக்கம் போய்விட்டது.

அம்மாவிடம் பறவைகளுக்கு ஒரு வகைப்பாடு இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் மகள் விசாரித்துத் தெரிந்துகொண்டாள். நிறம், அலகு, கால் நீளம் எதுவும் அதில் சேராது. எறா துன்றது. மடவ துன்றது. நத்த துன்றது. கெடச்சத துன்றது. கடைசி வகையில் காகம், நாய், மறைந்த என் அப்பா. அதை எழுதிக்கொண்ட மகள், அம்மா காட்டிய 'நத்த துன்ற'தை போனில் படமெடுத்துத் தேடினாள். நத்தைகுத்தி நாரை என்று வந்தது. மூடினாலும் நடுவில் இடைவெளி விடும் அலகு அதற்கு. நத்தையின் ஓட்டிலிருந்து சதையை உருவி எடுப்பதற்கு ஏற்ற அமைப்பு. "இதைத்தானே நானும் சொன்னேன்" என்றாள் அம்மா.

சற்றுத் தள்ளித் தண்ணீரில் சில பெண்கள் குனிந்து, அடித்தரையைக் கையால் துழாவிக்கொண்டு போனார்கள். பனையோலைப் பறியைப் பல்லில் கடித்திருந்தார்கள். கை சேற்றில் இறாலைத் தொடும். தொட்டதும் பறிக்குள் போகும். கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. நாள் முழுக்கக் குனிந்தபடி, உப்புத் தண்ணீரில், கால் வெடிக்க. அம்மா அவர்களைப் பார்த்தபோது மட்டும் பேரம், ஏலம் என்று எதுவும் பேசவில்லை. "இடுப்பு ஒடிஞ்சிடும்" என்றாள்.

இதற்கிடையே என் மனைவி வேறொரு அரிய உயிரினத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். பெண்கள் போகத்தக்க கழிப்பறை. நம் ஊர்களில் அதன் வாழிடம் சுருங்கிக்கொண்டே வருகிறது. பார்த்ததாகச் சொல்பவர்கள் உண்டு, காட்டுபவர்கள் இல்லை. கடைசியில் அம்மாவுக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு வீட்டில் கதவு தட்டினோம். அவர்கள் உட்காரவைத்து டீ கொடுத்ததில் அரைமணி போனது. எந்த ஊருக்குப் போனாலும் பறவையை விட முக்கியமானது சொந்தம் என்று என் மனைவி அடிக்கடி சொல்வதன் பொருள் அப்போதுதான் பிடிபட்டது.

டச்சுக்காரர்களின் கல்லறைக்கும் போனோம். நிழல் இருந்தது என்பதுதான் காரணம். 1613-இல் அவர்கள் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, துணி வியாபாரம் செய்து, கடைசியில் 1825-இல் ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். கல்லறைத் தோட்டத்து வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். மகனுக்கு அன்றைய நாளிலேயே மிகப் பிடித்த உயிரினம் அதுதான். அசையாமல் நின்றதால் மச்சானும் திருப்தியாகப் படம் எடுத்தார்.

பிறகு லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போகும் பாலத்தின் மேல் நின்றோம். பூநாரை பார்க்க வேண்டும் என்றால் இங்கிருந்து பார் என்று டீக்கடையில் சொல்லியிருந்தார்கள். பார்த்தோம். வடக்கே, தண்ணீரும் வானமும் ஒட்டுகிற இடத்தில், வெளிறிய ரோஜா நிறத்தில் ஒரு கோடு. மச்சான் லென்ஸை முழுக்க நீட்டினார். கோடு கொஞ்சம் தடித்த கோடாயிற்று.

"படகு எடுத்துப் போனா கிட்டப் பாக்கலாமுங்களா?" என்றார்.

என் மனைவி வேண்டாம் என்றாள். அவள் அண்ணனிடம் அவ்வளவு கண்டிப்பாகப் பேசி நான் பார்த்ததில்லை. 2011 கிறிஸ்துமஸ் அன்று இதே ஏரிப்பக்கம் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். கும்மிடிப்பூண்டியிலிருந்து, எங்களைப் போலவே குடும்பமாக, சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தவர்கள். எங்கள் ஊரில் அந்தப் பேச்சு எடுத்தால் இன்றைக்கும் டீக்கடை கொஞ்ச நேரம் ஓய்ந்துபோகும். மச்சானுக்கு அது தெரியாது. சொன்னதும் லென்ஸை மூடிவிட்டார்.

பாலத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் எங்கள் மேல் இரக்கப்பட்டார். "அதுங்க இப்ப அந்தாண்டதான் கீது. சூலூர்ப்பேட்டைக்குப் போய், சீகரிகோட்டா ரோட்டுல நில்லுங்க. கிட்டயே பாக்கலாம்."

ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. பூநாரைக்கு எல்லைக்கோடு தெரியாது என்று எழுதுவது வழக்கம். எனக்கு அதில் சந்தேகம் உண்டு. அங்கே சூலூர்ப்பேட்டையில் அதற்கென்று 'ஃபிளமிங்கோ திருவிழா' கொண்டாடுகிறார்கள். மேடை, கலைநிகழ்ச்சி, கடைகள், கூட்டம். இந்தப் பக்கம் நாங்கள் பாலத்தில் நின்று கோடு பார்க்கிறோம். மரியாதை கிடைக்கும் பக்கமாகத்தான் எதுவும் ஒதுங்கும். "நம்ம ஆரணியாத்துத் தண்ணிய வாங்கிக்கினு அங்க போயி நிக்குது" என்று அம்மா குறைப்பட்டாள். காளங்கியும் சுவர்ணமுகியும் ஆந்திரத்துப் பக்கமிருந்து வருவதைச் சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

போவதா வேண்டாமா என்று வேனில் ஒரு விவாதம் நடந்தது. மச்சானுக்குப் பூநாரை. மனைவிக்கு அண்ணனின் முகம். மகனுக்கு ராக்கெட். அம்மாவுக்கு ஐஸ். "மீனு கெட்டுடும்" என்பது அவளுடைய ஒரே வாதம். அதற்குப் பதில் யாரிடமும் இல்லை. பொன்னேரியில் இன்னும் இரண்டு படி ஐஸ் வாங்கிப் போடுவது என்ற உடன்படிக்கையில் வண்டி கிளம்பியது. மறுபடி ஜி.என்.டி. ரோடு, ஆரம்பாக்கம், தடா. எங்கள் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போனோம். காலையிலேயே நேராக வந்திருக்கலாமே என்று யாரும் சொல்லவில்லை. பெட்டிக்குள் இருந்த நண்டின் பொருட்டு.

சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலை ஏரியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. இரண்டு பக்கமும் தண்ணீர், சில இடங்களில் உப்புப் பூத்த சேறு. வண்டியை ஓரங்கட்டியதும் மச்சான் ஓடினார். கோடு இல்லை. உயிரோடு, காலோடு, கழுத்தோடு, நூற்றுக்கணக்கில் நின்றன. பெரிய பூநாரை நின்றால் நாலடிக்கு மேல். என் மகனை விட உயரம். மச்சானின் கேமரா தையல் மிஷினாக ஓடியது. சற்று நேரத்தில் நின்றது. படங்களை ஓட்டிப் பார்த்த அவர் முகம் வாடியது.

"ஒண்ணுக்குமே தலை இல்லீங்க மாப்ள."

தலை தண்ணீருக்குள் இருந்தது. பூநாரை சாப்பிடுவது தலைகீழாக. அலகின் மேல்பாதி கீழே வரும்படி கவிழ்த்து, நாக்கைக் குழாயடிப் பம்பைப் போல முன்னும் பின்னும் இயக்கி, சேற்றுத் தண்ணீரை உறிஞ்சி வெளியே தள்ளும். அலகின் உள்விளிம்பில் உள்ள சல்லடை பாசியையும் நுண்ணிய இறாலினங்களையும் பிடித்து வைத்துக்கொள்ளும். பம்பு என்றதும் மச்சானுக்கு உயிர் வந்தது. ஒரு நொடிக்கு எத்தனை முறை, உறிஞ்சும் வால்வு எங்கே, அடைத்துக்கொண்டால் எப்படிச் சுத்தம் செய்யும் என்று என்னைத் துளைத்தெடுத்தார். அவருடைய தொழில்நுட்பக் கேள்விகளுக்குப் பூநாரையிடமே விண்ணப்பிக்க வேண்டியிருந்தது.

மகள் போனிலிருந்து படித்தாள். குஞ்சு பொரிக்கும்போது சாம்பல் நிறம்தான். சாப்பிடும் பாசியிலும் இறாலிலும் உள்ள கரோட்டினாய்டு என்ற நிறப்பொருள் உடம்பில் சேரச் சேரத்தான் இறகு சிவக்கும். அதற்கே இரண்டு மூன்று வருடம் ஆகும். மிருகக்காட்சிசாலைகளில் தீவனத்தில் இந்தப் பொருளைக் கலந்து கொடுக்காவிட்டால் வெளுத்துப்போகும். இந்தியாவில் இவை பெருங்கூட்டமாகக் கூடு கட்டுவது குஜராத்தின் கட்ச் பாலைவனத்தில்.

வண்டியை விட்டு இறங்காமல் பெட்டிக்குக் காவல் இருந்த அம்மா, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"எறா துன்னா செவக்குமா? நான் அறுவது வருசமா துன்றேன்."

யாரிடமும் பதில் இல்லை. அம்மாவே கொஞ்சம் யோசித்தாள்.

"சட்டியில போட்டா எறா செவக்கும்ல? அந்தச் செவப்பா?"

நான் தரக்கட்டுப்பாட்டுக்காரன், சரிபார்க்காமல் எதையும் ஒப்புக்கொள்வதில்லை. வீட்டுக்கு வந்தபின் பார்த்தேன். உயிரோடு இருக்கும் இறாலில் அஸ்டாக்ஸாந்தின் என்ற சிவப்பு நிறப்பொருளை ஒரு புரதம் பிடித்து மறைத்து வைத்திருக்கும். சூடு பட்டால் புரதம் பிடியை விடும், சிவப்பு வெளியே வரும். பூநாரையின் இறகில் இருப்பதும் அதே கரோட்டினாய்டு குடும்பம். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்திய ஒருத்தி, ஏரியை அடுப்பில் ஏற்றிப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள்.

மகன் ராக்கெட் எப்போது விடுவார்கள் என்று கேட்டான். அந்த நேரத்தில் யாரும் விடவில்லை. அவனைச் சமாதானப்படுத்த, சாலையின் மறுமுனையில் உள்ள ஏவுதளத்துக்குச் சதீஷ் தவான் பெயர் வைத்திருப்பதைச் சொன்னேன். 1972 முதல் 1984 வரை இஸ்ரோவுக்குத் தலைமை தாங்கியவர். பறவைகள் எப்படிப் பறக்கின்றன என்று ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். "ராக்கெட் விடறவரு எதுக்குப் பறவையப் பாத்தாரு?" என்றான். நல்ல கேள்வி. அவன் அப்பனுக்கு அதற்கும் பதில் தெரியவில்லை.

புளியோதரையைச் சாலையோரத்தில் நின்றே சாப்பிட்டோம். உட்கார இடம் இல்லை. எதிரில் பூநாரையும் நின்றே சாப்பிட்டது.

திரும்பும் வழியில் மகள் பட்டியல் தயாரித்தாள். பள்ளியில் இயற்கை மன்றத்துக்குக் கொடுக்க வேண்டுமாம். பறவையின் பெயர், எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தது. பூநாரை: நூற்றுக்கணக்கில், தலைகீழாகச் சாப்பிட்டது. சங்குவளை நாரை: மச்சானுக்கு ஒரு கணக்கு, என் மனைவிக்கு ஒரு கணக்கு. செம்பருந்து: ஒன்று, கும்பிடப்பட்டது. அடுத்து கூழைக்கடா. ஸ்ரீஹரிகோட்டா சாலையில் ஒரு கூட்டத்தைப் பார்த்திருந்தோம். ஆறு என்றேன் நான். பத்து இருக்குமுங்க என்றார் மச்சான்.

"எட்டு" என்றாள் அம்மா, கண்ணை மூடிக்கொண்டு.

"பாட்டி, நீ வண்டிய விட்டே எறங்கலயே!"

"எட்டு. ஏழு மடவ புடிச்சிகினு இருந்துது. ஒண்ணு மட்டும் துன்னல. ஒடம்பு சரியில்ல அதுக்கு."

மச்சான் கேமராவை எடுத்து அந்தப் படங்களைத் தேடினார். பெரிதாக்கினார். எண்ணினார். ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குப் போனார். எட்டு இருந்தன. எல்லாப் படத்திலும் ஏழு அலகு தண்ணீரில். ஓரத்தில் ஒன்று மட்டும் அலகைக் கழுத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டு, எல்லாப் படத்திலும் அப்படியே. மச்சான் கேமராவை மகளிடம் கொடுத்தார். மகள் என்னிடம் கொடுத்தாள். தடா வரும் வரை வேனில் பேச்சில்லை.

ஆரம்பாக்கம் தாண்டியதும் மச்சான் முன்சீட்டிலிருந்து திரும்பினார். குரலில் பழைய வகுப்பெடுக்கும் தோரணை போயிருந்தது.

"அத்தை, அடுத்த லீவுக்கு நீங்க முதுமலை வரோணும். புலி பாக்கலாமுங்க."

"நீ பாத்துகீறியா?"

மச்சான் ஹாலில் மாட்டியிருக்கும் இடுப்பைப் பற்றிச் சொன்னார். அம்மா பொறுமையாகக் கேட்டாள்.

"புலி இன்னா துன்னும்?"

"மானுங்க. காட்டுப்பன்னி. பெருசாக் கெடச்சாக் காட்டெருமை."

"அப்ப புலிய வுடு தம்பி. மான் எந்தாண்ட மேயுதுன்னு மட்டும் எனக்குக் காட்டு" என்றாள் அம்மா, ஐஸ் பெட்டியின் மூடியை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு. "வண்டிய அங்க நிறுத்திட்டுக் கம்முனு குந்து."